எம்.ஏ. மானிடவியலில் எந்த விருப்பப் பாடங்களை எடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவர் திருமங்கலம் பக்கத்துப் பெண். விலங்கியலில் பட்டம் முடித்துவிட்டு வெளியூரில் எம்.ஏ. மானிடவியல் படிக்கிறார். மூன்றாம் செமஸ்டருக்கு ஆறு விருப்பப் பாடங்களைக் கொடுத்து இரண்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்: உறவுமுறை, பொருளியல் மானிடவியல், மருத்துவ மானிடவியல், சூழலும் வளர்ச்சியும், காட்சி மானிடவியல், உடல்சார் மானிடவியல். ‘மருத்துவம்’ என்று பெயரிலேயே இருக்கிறது, அதை எடுத்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்கிறார் அப்பா. காட்சி மானிடவியலில் மார்க் அள்ளிப் போடுவார்கள் என்கிறார்கள் சீனியர்கள். எது எடுத்தால் எதிர்காலம் என்பது கேள்வி. ஆய்வேட்டுக்கு ஊர்ப்பக்கமே வந்து களப்பணி செய்ய ஆசை என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வீட்டிலும் விடுதியிலும் எழுந்த சத்தம். நான் மானிடவியல் படித்துவிட்டு இருபத்தைந்து வருடமாக மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கம் ஆய்வுத் திட்டங்களில் வேலை பார்க்கிறேன். நடுவில் சில வருடம் கௌரவ விரிவுரையாளராகப் பாடமும் எடுத்தேன். ஆய்வகத்தில் வேலை செய்தவன் இல்லை. அதனால் உடல்சார் மானிடவியலைப் பற்றி நான் சொல்வதை மட்டும் வெளியே நின்று பார்த்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலை விஷயத்தை முடித்துவிடலாம். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் விருப்பப் பாடத்தின் பெயரைப் பார்த்து ஒருவருக்கு வேலை கொடுத்ததை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்குப் போனால் மானிடவியல் என்பது ஒரே பாடம். இரண்டாம் தாளின் 100 கேள்விகளில் எலும்பும் வரும், கற்கருவியும் வரும், கல்யாண முறையும் வரும். யூ.பி.எஸ்.சி.யில் மானிடவியலை எடுத்தாலும் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள், அதிலும் எல்லாப் பிரிவும் கலந்தே இருக்கும். நீங்கள் எந்த இரண்டை எடுத்தாலும் விட்டுப்போன நான்கையும் சொந்தமாகப் படிக்காமல் தப்ப முடியாது. மருத்துவமனைகளோ தொண்டு நிறுவனங்களோ ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது நானும் சில முறை நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் பார்த்தது வேறு: முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிகிறதா, பேட்டியைக் கேட்டு அப்படியே எழுதத் தெரிகிறதா, எழுதியதில் எது முக்கியம் என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறதா. ஆய்வேட்டைக் கொண்டுவரச் சொல்லி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ‘இது எப்படித் தெரிந்தது உங்களுக்கு?’ என்று கேட்போம். பாதிப் பேர் அங்கேயே தடுமாறிவிடுவார்கள். இதெல்லாம் உறுதியாகச் சொல்கிறேன். ஐந்து வருடம் கழித்து எந்தத் துறையில் பணம் புழங்கும் என்று யாராவது சொன்னால், அது ஜோசியம்.

ஆகவே ஆய்வேட்டில் ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். எந்த ஊரில், யாரிடம், எதைக் கேட்கப் போகிறீர்கள்? அதற்கு எந்தப் பாடம் கைகொடுக்கும்? நான் இப்படி யோசிக்காமல் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நான் படித்தபோதும் உறவுமுறை ஒரு விருப்பப் பாடம். ஆணுக்கு முக்கோணமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று கோடு இழுக்கிற கிழட்டுப் பாடம் என்று நாங்கள் நாலு பேர் அதை ஒதுக்கிவிட்டு, ‘உலகமயமாதல்’ என்று பளபளப்பாகப் பெயர் வைத்திருந்த ஒன்றை எடுத்தோம். நடத்த வேண்டியவர் பாதி செமஸ்டரில் வேறு ஊருக்குப் போய்விட்டார். மீதியை யாரோ ஒருவர் பழைய நோட்டைப் பார்த்து வாசித்து முடித்தார். சரி, பாஸாகிவிட்டோம். எனக்குக் கிடைத்த முதல் வேலை உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு குடும்பக் கணக்கெடுப்பு. வீட்டில் யார் யார், நிலம் யாருடையது, உழுகிறவர் யார், அவர் இவருக்கு என்ன முறை. ஒரு பாட்டி, “அது எங்க மாமா நெலம்” என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் மாமா. மூன்று நாளில் நாற்பது படிவம் நிறைய மாமா. திட்டப் பொறுப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “எந்த மாமா?” என்றார். அம்மாவின் தம்பியா, அத்தை புருஷனா, மாமனாரா, இல்லை கட்டின புருஷனையே மாமா என்கிறாரா? என்னிடம் பதில் இல்லை. நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போனேன். “பட்டணத்துல இதைத்தான் படிச்சியாப்பா?” என்று அந்தப் பாட்டி சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவருக்கு ‘மாமா’ என்றால் என்னவென்று தெரியாது, அதனால் கேட்டிருப்பார். எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. ஊர்ப்பக்கமே களப்பணி செய்ய நினைக்கிற உங்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. சொந்த ஊரில் கேள்வி கேட்க வாய் வராது. கேட்டாலும் “உனக்குத் தெரியாதாக்கும்” என்பார்கள். அங்கே கூச்சமில்லாமல் கேட்க ஒரு கருவி வேண்டும். அந்தப் பழைய முக்கோணமும் வட்டமும்தான் அது. காகிதத்தை விரித்துக் கோடு போட ஆரம்பித்தால் கிழவிகள் தாங்களாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏய், இவ மூத்தவ, அவளை இந்தப் பக்கம் போடு” என்று திருத்துவார்கள். ஒரு மணி நேரத்தில் ஊர் வரலாறே வந்து விழும்.

அப்புறம், இந்தப் பாடத்தின் முக்கியமான ஒரு பகுதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உருவானது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மத்தியில் களப்பணி செய்தார். அவர் எழுதிய நூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கிலத்தில் வர 1986 ஆயிற்று. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அதை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு மச்சானாக இருப்பவர் மகனுக்குத் தாய்மாமன். அவர் மகளைக் கட்டினால் மாமனார். ஆக, கல்யாணத்தால் வந்த உறவு ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. நிலம்போல அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்பது அவர் வாதம். அவர் பிற்பாடு சாதியைப் பற்றி எழுதியதோடு சண்டை போட்டவர்கள் ஏராளம், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உறவுமுறை பற்றிச் சொன்னதை ஒதுக்கிவிட்டு நம் பக்கம் எந்த ஊரையும் எழுத முடியாது.

பொருளியல் மானிடவியல் என்றதும் பட்ஜெட், புள்ளிவிவரம் என்று பயந்து பலர் ஓடுகிறார்கள். பெயர்தான் அப்படி. பிரெஞ்சுக்காரரான மார்செல் மோஸ் 1925இல் அன்பளிப்பைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அந்தப் பாடத்தின் வேர்களில் ஒன்று. கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கடமை என்கிறார். நம் பக்கத்துக் காதுகுத்துக்கு ஒரு தடவை போய்வந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்திரிகை வைக்கக் கிளம்பும்போதே மொய் நோட்டைப் புரட்டி, இவருக்கு நாம் செய்தது எவ்வளவு, அவர் திருப்பிச் செய்தாரா என்று பார்த்துவிட்டுத்தானே வண்டியை எடுக்கிறோம்? அது கடனா, அன்பளிப்பா, சேமிப்பா? மூன்றுமா? அதை வைத்து ஒரு நல்ல ஆய்வேடு எழுதலாம். ஆனால் மொய் நோட்டில் இருக்கிற பெயர்களை வகைப்படுத்த உட்கார்ந்தால் மறுபடியும் ‘எந்த மாமா?’ என்ற இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள்.

இப்போது அப்பா சொன்ன மருத்துவ மானிடவியல். இது வைத்தியம் படிப்பது இல்லை. நோய் வந்தவர்கள் அதை என்னவென்று புரிந்துகொள்கிறார்கள், யாரிடம் முதலில் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று பார்ப்பது. மதுரை, தேனிப் பக்கம் ‘தொக்கம் எடுக்கப்படும்’ என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அங்கே தூக்கிக்கொண்டு போவார்கள். அதே அம்மா மறுநாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்பார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு முரணும் தெரியாது. அதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல், அந்த அம்மாவின் கணக்கு என்ன என்று கேட்கக் கற்றுத்தருவது இந்தப் பாடம். நாட்டு வைத்தியம் என்று தூக்கிக் கொண்டாடவும் விடாது. குழந்தையின் தொண்டைக்குள் விரலை விட்டால் என்னவெல்லாம் ஆகலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அதற்குக் களம் ஏராளம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து முகாமில் கண்புரை இருப்பவர்களைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடும் போட்டு, ஆபரேஷன் முடித்துத் திருப்பி அனுப்பும் முறை அவர்களுடையது. ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் போதாது. பஸ் காசு, கூட வர ஆள், கூட வருகிறவரின் அன்றைய கூலி எல்லாமே தடைதான் என்று புரிந்துகொண்டதால் வந்த ஏற்பாடு அது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம், மனநோய் குணமாகும் என்று நம்பி தர்காவுக்கு ஆட்களைக் கூட்டிவரும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு ஏன் கூட்டிப்போனார்கள் என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். பக்கத்தில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைக்குள் நோயாளிகளிடம் பேசி ஆய்வேடு எழுத நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம், திருத்தம், மறுபடியும் கூட்டம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். நாலு மாத ஆய்வேட்டில் மூன்று மாதம் கடிதத்துக்காகக் காத்திருந்தே போன மாணவர்கள் எனக்குத் தெரியும். தலைப்பை மருத்துவமனைக்கு வெளியே, ஊருக்குள் வைத்துக்கொண்டால் இந்த இழுபறி குறையும். உங்கள் துறையின் அனுமதியும், பேசுகிறவர்களின் சம்மதமும் எப்படியும் வேண்டும், அதில் சலுகை கிடையாது.

சூழலும் வளர்ச்சியும் பற்றி: கண்மாய், மடை, கலுங்கு என்ற பாசனச் சொற்களைக் கேட்டால் உங்களுக்குக் காது நிமிர்கிறதா? நிமிர்ந்தால் தைரியமாக எடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் (மேலே சொன்ன மார்செல் மோஸ் வேறு), தண்ணீர் பங்கீட்டையும் ஊரின் அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். வைகை அணைத் தண்ணீரைக் கொண்டுவரும் உசிலம்பட்டியின் 58 கிராமக் கால்வாய்க்காக எத்தனை வருடம் மனு கொடுத்தார்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அங்கே டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்தது, ஊர் ஊராகத் திரண்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உங்கள் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலிலும் சீமைக் கருவேலத்திலும் கூட எழுத நிறைய இருக்கிறது, யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை.

உடல்சார் மானிடவியலில் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் நீங்கள் விலங்கியல் படித்தவர் என்பதால் ஒரேயடியாகத் தள்ளவும் மனசில்லை. எலும்பை அளப்பதையும் அடையாளம் காண்பதையும் வீட்டில் புத்தகம் வைத்துப் படிக்க முடியாது, ஆய்வகத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். கீழடிக்கு அடுத்த கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து மனித எலும்புகள் கிடைத்த பிறகு இந்தப் பக்கம் ஆர்வமும் கூடியிருக்கிறது. அதே சமயம், மரபணு என்றால் எல்லாம் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த ரத்த மாதிரியில் எம்130 என்ற பழைய மரபணுக் குறியீடு இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நடந்த தொல்பழங்கால இடப்பெயர்வோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். அது வரைக்கும் அறிவியல். உடனே பத்திரிகைகள் ‘முதல் இந்தியர்’ என்று தலைப்புப் போட்டன. அந்தக் குறியீடு ஒய் குரோமோசோமில் இருப்பது, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டுவது. அந்த மனிதரின் மற்ற ஆயிரக்கணக்கான முன்னோர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்த வித்தியாசத்தை வகுப்பில் சொல்லித்தரும் ஆசிரியர் இருந்தால் எடுக்கலாம்.

காட்சி மானிடவியலுக்கு இரண்டு வரி போதும். கேமராவைக் கையில் கொடுத்து, ஊருக்கு அனுப்பி, எடுத்து வந்ததைப் போட்டுக் கிழித்து, மறுபடி அனுப்பும் பாடமாக இருந்தால் நல்லது. ஏ.சி. அறையில் படம் போட்டுவிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லும் பாடமாக இருந்தால், அந்தப் படங்களை விடுதியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடியது ஒன்று இருக்கிறது: பாடம் நடத்துகிறவர் யார் என்பது. சுமாரான தலைப்பை நல்ல ஆசிரியர் நடத்தினால் எடுங்கள், நல்ல தலைப்பை நோட்டு வாசிப்பவர் நடத்தினால் விட்டுவிடுங்கள். சீனியர்களிடம் மார்க் வருமா என்று கேட்காதீர்கள், போன வருட வினாத்தாளையும் அவர்கள் எழுதிக் கொடுத்த அசைன்மென்ட்டையும் கேட்டு வாங்குங்கள். திருத்திக் கொடுத்த தாளில் ஓரத்தில் ஆசிரியர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். வெறும் டிக் மட்டும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாக யார் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அவர் பாடத்தில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்திருப்பது பெரிய லாபம். உங்கள் எழுத்து அவருக்குப் பழகியிருக்கும், அவர் கோபம் உங்களுக்குப் பழகியிருக்கும். பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதுவரை மூன்று நான்கு வகுப்புகளில் போய் உட்காருங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், உறவுமுறையும் மருத்துவ மானிடவியலும். முதலாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது, உங்கள் விலங்கியலையும் ஊர் ஆசையையும் வைத்து நான் ஊகிப்பது. தண்ணீரும் நிலமும்தான் மனசில் ஓடுகிறது என்றால் அந்த இடத்தில் சூழல் பாடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆக, அப்பா சொன்ன பாடம் சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு. பாடம் சரி என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள், வீட்டில் அமைதி இருக்கும்.

பெயர் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டு மொய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் இருபது பெயரை எடுத்து, ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுக்கு என்ன முறை என்று ஆச்சியிடமோ அப்பத்தாவிடமோ கேட்டு, முக்கோணம் வட்டமாகக் காகிதத்தில் போடுங்கள். பத்தாவது பெயரைத் தாண்டும்போது யாரோ ஒரு மாமா எந்தக் கோட்டிலும் சேராமல் நிற்பார். அவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை என்றால் உறவுமுறைக்குப் பெயர் கொடுங்கள். கொட்டாவி வந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், வேறு எடுங்கள்.